சிறை வாசலிலும் என் தம்பியின் கையை விடாதவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஹெராயின் பழக்கத்தால் சிறை சென்ற என் தம்பி விடுதலையாகி ஓராண்டு நிறைவடைகிறது. அவன் இன்று உயிரோடு வேலைக்குப் போய்வருவதற்குக் காரணமானவர்களில் பலரை நேரில் கண்டு நன்றி சொல்ல எங்களுக்கு வாய்ப்பில்லாததால், பட்டர்வொர்த்திலிருந்து குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

சிறை மருத்துவப் பிரிவின் உதவி மருத்துவ அதிகாரிகளை முதலில் வணங்குகிறேன். நம் மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய, ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்க அதற்குப் பதிலாக அளந்து கொடுக்கும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சை, 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் கைதிகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது. அதன் பயன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வந்து சேரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. அளந்து ஊற்றிய மருந்தை அதிகாரியின் கண்முன்னே குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அந்தக் கண்டிப்பில் ஒருநாளும் ஏளனம் கலந்ததில்லை என்று தம்பி சொல்வான். “ராத்திரி தூங்கினீங்களா தம்பி?” என்று கேட்பார்களாம், இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிபார்ப்பார்களாம். கம்பிக்குப் பின்னால் இருப்பவனை அப்படி விசாரிக்க ஆள் இருந்தது எங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

விடுதலைக்கு முன்பே எங்களை அழைத்துப் பேசிய ஆலோசகர் அம்மையாருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வெளியே வரும் முதல் இரண்டு வாரங்களே மிக ஆபத்தானவை என்பதை அவர்தான் புரியவைத்தார். உள்ளே இருந்த காலத்தில் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. பழைய நினைப்பில் அதே அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, அந்த இரண்டு வாரங்களில் அளவுமீறிய போதைப்பொருளால் இறக்கும் அபாயம் அம்மாநிலத்தின் மற்ற மக்களுக்கு இருப்பதைப்போல் 129 மடங்கு என்று கண்டது. எங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு வீட்டுப் பிள்ளை திரும்பிவந்த அதே வாரத்தில் போய்விட்டான். அந்தத் தாயிடம் இதை எவரும் சொல்லியிருக்கவில்லை.

தம்பி ஒரு வியாழக்கிழமை வெளியே வந்தான். எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது என்றெல்லாம் எழுதிய கடிதம் அவன் சட்டைப்பையில் இருந்தது. அதை வாங்கிப் பார்த்த சுகாதாரக் கிளினிக்கின் மருந்தாளர், வேறு கேள்வி எழுப்பாமல் வெள்ளிக்கிழமை காலையிலேயே மருந்து கிடைக்க வழிசெய்தார். ஒருநாள்கூட இடைவெளி விழவில்லை. எங்களைப் பொறுத்தவரை அவனைக் காப்பாற்றியது அந்தத் தொடர்ச்சிதான்.

பிறை என்னும் ஊரில் லோரிப் பட்டறை நடத்தும் முதலாளி, அவன் கிளினிக்குக்குப் போய்விட்டுத் தாமதமாக வருவதைப் பொறுத்துக்கொண்டு, சம்பளத்திலும் கைவைக்காமல் இருந்தார். ஐயா, உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2011 முதல் நடைபெறும் தேசியத் திட்டத்தின்வழி, சிறையிலிருந்து வெளியேறுவோர் கையில், அடங்கும் மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தனுப்புகிறார்கள். இங்கும் விடுதலையாகும் ஒவ்வொருவரும் அந்த மருந்தோடும், என் தம்பிக்குக் கிடைத்ததைப் போன்ற கடிதத்தோடும் வீடு திரும்ப, பொறுப்பிலிருப்போர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஓர் அக்காள்,
பட்டர்வொர்த், பினாங்கு