நம் பூப்பந்துக் (பால் பேட்மிண்டன்) கழகத்தின் ஆண்டறிக்கை, 2024–25

பொறுப்புத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அழைப்பை ஏற்று வந்திருக்கும், மறைந்த நம் தலைவரின் துணைவியார் அண்ணி அவர்களுக்கும் என் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

மே மாதம் கோடைப் பயிற்சி முகாம் நடந்தது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஆயுதபூஜைக்கு வழக்கம்போல் பேட்டுகளை அடுக்கிப் பொட்டு வைத்துப் படைத்தோம். பொங்கல் போட்டி இந்த முறை நடத்தவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசியில் நம் தலைவர் அண்ணன் காலமானார். வயது 71. முந்தின நாள் மழை விட்டிருந்ததால் மாலையில் சென்டரில் நின்று இரண்டு செட் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். விடியற்காலையில் மாரடைப்பு. இரங்கல் தீர்மானம் அப்போதே நிறைவேற்றினோம். ஆனால் அந்த நான்கு வரியோடு அவரை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான் இருக்கும், உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் தென்னக ரயில்வேயில் சேர்ந்தவர். எந்த ஊருக்கு மாற்றினாலும் போய்ச் சேர்ந்த மாதமே அங்கே ஒரு கோர்ட் போட்டுவிடுவார். 24 மீட்டருக்கு 12 மீட்டர் தரை, இரண்டு கம்பம், ஆறடி உயரத்தில் ஒரு வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். "இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்பார். ஓய்வு பெற்றுக் கும்பகோணம் திரும்பியபோது நம் கழகம் பெயருக்குத்தான் இருந்தது. மூன்றே மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு இடம் பிடிக்க ஆள் நின்றது. சர்வீஸுக்கு முன்னால் அவர் கொடுக்கும் குரல் டீக்கடை வரை கேட்கும், அங்கிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து வேலி ஓரம் நின்று பார்ப்பார்கள்.

தஞ்சாவூர் அரண்மனையில் 1856 வாக்கிலேயே ஆடப்பட்ட ஆட்டம் இது என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். இந்த ஆட்டத்துக்காக 1970இல் முதல் அர்ஜுனா விருது வாங்கிய ஆந்திரத்துப் பிச்சய்யாவின் கதையைச் சொல்லாமல் ஒரு பிள்ளை கையிலும் பேட்டைக் கொடுக்க மாட்டார். 29 புள்ளி ஆட்டத்தில் வளர்ந்தவர். 35 ஆக்கியபோது மூத்தவர்கள் பலர் முகம் சுளித்தோம். அவர் மட்டும், "ஆறு புள்ளி கூட ஆடலாம், சந்தோஷம்தானே" என்றார்.

நம் பந்து கம்பளி நூல் பந்து. 27 முதல் 30 கிராம் இருக்க வேண்டியது, பனி இறங்கினால் ஈரத்தை இழுத்துக் கனத்துவிடும், பேட்டின் நரம்பும் அறுந்துவிடும். மார்கழி மாலைகளில் அண்ணன் பந்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "போதும், வீட்டுக்குக் கிளம்புங்க" என்பார். அதற்கு மறுபேச்சு கிடையாது.

வீடு என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். கோர்ட்டுக்குள் நுழையும் யாரையும், ஐம்பது வயதுக்காரர் ஆனாலும், "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றுதான் கேட்பார். குழந்தை பிறந்த ஒரு தம்பியை ஒரு மாதம் ஆட விடவில்லை. "பாப்பாவைத் தூக்கிட்டு வா, உட்கார்ந்து வேடிக்கை பாரு, பேட்டைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்குத் தன் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவார். அப்படி வந்த பிள்ளைகள்தான் இன்று நம் மகளிர் அணி. ஸ்கோர் எழுதியது அண்ணி. சொந்தக் கணவருக்கு ஒரு புள்ளிகூடத் தள்ளிக் கொடுத்ததில்லை, கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான். ஞாயிறு ஆட்டம் முடிந்தால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் எல்லோருக்கும் இட்லியும் கடப்பாவும். அதைச் சாப்பிடாத உறுப்பினர் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது.

அடுத்து, கோர்ட் புதுப்பித்த விஷயம். அண்ணன் நினைவாக மண்டபம் பிடித்துப் படத்திறப்பு வைக்காமல், இருந்த பணத்தை மண்ணில் கொட்டிவிட்டேன் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. 2016 மகாமகத்துக்கு வண்டிகள் நின்று குழி விழுந்த தரை அது. அப்போது அண்ணன் தன் குடும்பத்தோடு வந்து கைவேலையாகச் சமன் செய்தார். ஆனாலும் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் தண்ணீர் கட்டிக்கொள்ளும், பல நாள் ஆட முடியாது. மேடாக்கி வடிகால் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இதை முடிவு செய்யச் செயற்குழுவைக் கூட்டினேன், கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை) சேரவில்லை. மறுபடியும் கூட்டினேன், அதே கதை. மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைக்கு இன்னும் எத்தனை தேதி குறிப்பது? வந்திருந்தவர்களின் சம்மதத்தோடு தை கடைசியில் தொடங்கிவிட்டேன்.

பழைய மேல்மண்ணை வெட்டி எடுத்து, செம்மண்ணைச் சலித்துப் பரப்பி, நடுவிலிருந்து இரு பக்கமும் லேசாகச் சரிவு கொடுத்தோம். இரவில் தண்ணீர் விட்டு, வெயில் ஏறுவதற்குள் ரோலர் ஓட்டி, கடைசியில் சாணம் கரைத்துத் தெளித்தோம். இன்று பந்தைப் போட்டால் தரை தாம்பாளம் மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் எல்.இ.டி. விளக்கும் போட்டாகிவிட்டது. வேலை நடந்த நாட்களில் ரோலர் பிடிக்க வந்தவர்கள் மகளிர் அணிப் பிள்ளைகளும், பள்ளி மாணவர்களும், அண்ணனின் மருமகனும்தான். மற்றவர்களுக்கு என்ன வேலை இருந்ததோ தெரியாது. காரியத்தன்று திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பழைய ஆட்டக்காரர்கள் வந்து தெரு நிறைய நின்றார்கள். உள்ளூர் உறுப்பினர்களும் அழுதோம், "கோர்ட்டை விட மாட்டோம் அண்ணி" என்று வாக்குக் கொடுத்தோம். இப்போது பல மாலைகளில் பத்துப் பேர் சேராமல், பக்கத்துக்கு மூன்று பேர் நின்று ஆடுகிறோம்.

சரி, சந்தா. மாதம் நூறு ரூபாய். கார்த்திகையிலிருந்து வசூல் பாதிக்கும் கீழே போய்விட்டது. பொருளாளரும் நானும் ரசீது புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தோம். பல வருடத்து ரசீதுகளில் வேறு வேறு பெயர்கள், ஆனால் எழுத்து ஒரே கையெழுத்து, அண்ணனுடையது. அண்ணியிடம் கேட்டபோது அவருடைய நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். ஓய்வூதியம் வரும் தேதியில், யார் யாருக்காகச் சந்தா கட்டினார் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். வேலை போனவர், வீட்டில் நோயாளி வைத்திருப்பவர் பெயர்கள் இருக்கின்றன, அதில் தவறே இல்லை. வசதியோடு இருப்பவர்கள் பெயரும் இருக்கிறது. கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. பெயர்களை நான் வாசிக்கப்போவதில்லை, அண்ணியும் அதை விரும்பவில்லை. ஆனால் நாம் கட்டாத பணத்தில் நம் கழகம் நடந்திருக்கிறது என்பதை உறுப்பினர்கள் அறிய வேண்டும். இதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மொத்தத்தில், கையிருப்பின் பெரும்பகுதி கோர்ட்டுக்கும் விளக்குக்கும் போய்விட்டது. பந்து, வலை, மின்கட்டணம் வழக்கமான அளவில்தான். மண் இறக்கியவருக்குக் கொஞ்சம் பாக்கி நிற்கிறது.

இடம் தந்து உதவும் பள்ளி நிர்வாகத்துக்கும், கோடை முகாமுக்கு மோர் வழங்கிய அன்பருக்கும், நடுவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் கழகத்தின் நன்றி.

வரும் ஆண்டு பொங்கலுக்கு அண்ணன் பெயரில் ஐவர் போட்டி, ஆண்கள் பெண்கள் இரு பிரிவிலும் நடத்த உத்தேசம். நம் ஆட்டம் ஆசிய விளையாட்டிலும் இல்லை, ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆகவே பெரிய புரவலர்கள் தேடி வர மாட்டார்கள். நாம்தான் செய்ய வேண்டும். அண்ணனின் பேரன் நான்காம் வகுப்பு படிக்கிறான், தினமும் நாலே முக்காலுக்கே வந்து வலையைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறான். அவனோடு ஆட ஆள் வேண்டும். வேலை இருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது வந்தால் போதும்.

ரசீது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் ஆட்ட நேரத்தில் கோர்ட்டில் இருப்பேன். நிலுவையை மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணையாகத் தரலாம், உண்மையில் முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், செயற்குழு பார்த்துக்கொள்ளும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்