தோப்புப் பத்திரத்தை பேங்க்கில் வைப்பதற்கு முன்னால்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை போனில் எல்லாம் சொன்னார். உங்கள் மகன், நம் மாப்பிள்ளைக்கு பைலட் ஆகவேண்டும் என்று ஆசை, பிளஸ் டூவில் இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மார்க், ஒட்டன்சத்திரம் தோப்பை வைத்து 70 லட்சம் கடன் வாங்க நீங்கள் பேங்க் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. "நீ அந்த வேலையில்தானே இருக்க, நல்லது கெட்டது சொல்லக் கூடாதா?" என்று அத்தை கேட்டார். இதே கணக்கை இப்போது எத்தனையோ வீடுகளில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் சரிதான். பெரிய ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக, நிலைபெற்றால் மாதம் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் வரும். கேப்டன் ஆனால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். 65 வயது வரை பறக்கலாம். குடும்பங்கள் மூழ்குவது அங்கே இல்லை, மாமா. லைசென்ஸ் கைக்கு வந்த நாளுக்கும் முதல் சம்பளம் கணக்கில் ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. மூழ்குவது அங்கேதான். அட்மிஷன் கவுன்சலர் காட்டிய கலர் நோட்டீஸில் அந்தக் காலம் இருந்திருக்காது.

முதலில் செலவு. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் அவனே விமானத்துக்குப் பொறுப்பாளனாக ஓட்டியிருக்க வேண்டும், ஒரு பயணமாவது 300 கடல் மைல் போயிருக்க வேண்டும், இரவில் பறந்திருக்க வேண்டும். இதற்கு இந்தியாவில் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 50 முதல் 60 லட்சம் ஆகிறது. அதோடு முடியாது. செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் பழகியவனை எந்த ஏர்லைனும் அப்படியே ஏர்பஸ்ஸில் உட்காரவைக்காது. அந்த ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி, பெரும்பகுதி சிமுலேட்டரில். அதற்கு 15 லட்சத்துக்கு மேல் எடுத்து வையுங்கள். ஏர்லைன்கள் நடத்தும் கேடட் திட்டத்தில் எல்லாமே ஒரே பொட்டலமாக வரும், ஆனால் தொகை ஒரு கோடியைத் தாண்டும். அதிலும் வேலைக்கு நிபந்தனைகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை வக்கீலிடம் காட்ட வேண்டும்.

நீங்கள் போர்வெல் போட்டவர். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்குக்குக் காசு எண்ணி வைக்க வேண்டும் இல்லையா? பறக்கும் மணிக்கணக்கும் அப்படித்தான்.

ஒரு பயிற்சி நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியும் முன்பே பையன் விமானத்தடியில் நிற்பான். இறக்கைக்கு அடியில் உள்ள வால்வை அழுத்தி ஒரு சின்னக் குப்பியில் பெட்ரோல் பிடிப்பான். அவ்காஸ் என்கிற அந்த விமானப் பெட்ரோல் நீல நிறத்தில் இருக்கும். அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். எண்ணெய் அளவு, டயர், இறக்கை விளிம்பு, எல்லாம் பார்த்து முடித்துக் காத்திருப்பான். பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் இல்லை என்று டவரிலிருந்து சொல்லிவிடுவார்கள். எட்டு மணி, ஒன்பது மணி ஆகும். பனி விலகும்போது காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே திரும்பியிருக்கும், தனியாகப் பறக்கும் மாணவனை விடமாட்டார்கள். பையன் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவான். அன்று, பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்கில் ஒரு வரிகூட ஏறாது. ஹாஸ்டல் வாடகையும் மெஸ் பில்லும் வட்டியும் ஏறும். மழைக்காலம், வடக்கே என்றால் குளிர்காலப் பனி, 50 மணி, 100 மணிக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துச் சோதிக்கும் நாட்கள், பாதியில் வேலையை விட்டுப்போகும் பயிற்சியாளர்கள்... ஒன்றரை வருடம் என்று சொன்ன படிப்பு இரண்டரை, மூன்று வருடம் ஆவது இப்படித்தான். என்னோடு படித்த ஒருவன் வேறொரு விமானப் பயிற்சிப் பள்ளியில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, இன்ஜின் உதிரிபாகம் வரும் வரை மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

இப்போது வட்டியைப் பாருங்கள். 70 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருப்பார். கட்ட வேண்டாம், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருட வட்டி அசலில் சேர்ந்து 84 லட்சம் ஆனால், பத்து வருடத்துக்கு மாதத் தவணை 1,11,000 ரூபாய். தொடக்கச் சம்பளத்தில் வரி போக மிச்சம் என்ன நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வேலை கிடைத்த பையனுக்கே இந்த நிலை.

கிடைக்காதவன் சும்மாவும் இருக்க முடியாது. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், மெடிக்கலும் அப்படியே. எல்லாம் சொந்தக் காசு.

"பைலட் பற்றாக்குறை என்று பேப்பரில் போடுகிறானே" என்பீர்கள். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது உண்மை. அதே ஆண்டில் டிஜிசிஏ 1,600-க்கும் மேற்பட்ட கமர்ஷியல் லைசென்ஸ்களை வழங்கியது, அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஆர்டர் கொடுத்த விமானங்கள் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். ஏர்லைன்கள் தவித்துத் தேடுவது அனுபவமுள்ள கேப்டன்களை. 200 மணி நேரத்தோடு வரும் புதுப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் ஒரு கம்பெனி விழுந்தால் அந்த வரிசை இன்னும் நீளும். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் டைப் ரேட்டிங்கும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவமும் உள்ளவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள். புதியவனை யார் கூப்பிடுவார்கள்? 2020-இல் மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே ஓடவில்லை. அந்த நேரத்தில் லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆக, நான் போடும் கணக்கு இதுதான்: லைசென்ஸ் வாங்கியபின் மூன்று வருடம் வேலை இல்லாமல் போனாலும் வீடு நிற்குமா? நிற்கும் என்றால் தாராளமாக அனுப்புங்கள், முப்பது வருட வேலையில் போட்ட பணம் பலமடங்காகத் திரும்பும். தோப்பை விட்டால் வேறு வருமானமே இல்லை என்ற நிலையில் முழுத் தோப்பையும் ஒரே மூச்சில் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அவன் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. செலவு குறைந்த படிகளை முதலில் ஏறட்டும். டிஜிசிஏ பட்டியலில் உள்ள டாக்டரிடம் கிளாஸ் 2 என்ற முதல்கட்ட மெடிக்கல், அது முடிந்த கையோடு கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய கிளாஸ் 1. நிறக்குருடு, இதயத் துடிப்பு, காது கேட்கும் திறன் எல்லாம் அதில் தெரிந்துவிடும். பாதிப் பணம் கட்டிய பிறகு கிளாஸ் 1-இல் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். அடுத்து ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிகல் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 மார்க் வேண்டும். கோச்சிங் போனாலும் சில லட்சங்களில் முடியும். இவற்றைப் பாஸ் செய்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறவன் அங்கே பறப்பதற்கு மட்டும் நேரம் கொடுத்தால் போதும். பாஸ் ஆகவில்லை என்றாலும் தோப்பு கையில் இருக்கும்.

கூடவே என்.டி.ஏ. என்ற தேசிய பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும், வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருந்தால் போதும். விமானப்படையில் பறக்கக் கற்றுக்கொடுப்பது அரசாங்கச் செலவு. அது வேறு வாழ்க்கை, கட்டுப்பாடும் கடமையும் அதிகம், ஆனால் பறப்பதுதான் அவன் கனவு என்றால் அந்தக் கதவைத் தட்டாமல் விடக் கூடாது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களே நேரில் போங்கள். 2025-இல் டிஜிசிஏ முதல்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது மேல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட வரவில்லை. ஆபீசில் காபி கொடுத்துப் பேசுவதைக் கேட்காதீர்கள். விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குப் போய், எத்தனை விமானம் இன்று பறக்கும் நிலையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளிடம் போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேளுங்கள், லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். பறந்த மணிக்குத் தகுந்தபடி தவணையாகக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னிடம் இருக்கும் நேவிகேஷன், மெட்டியராலஜி புத்தகங்களை இந்த வாரமே கூரியரில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையை முதல் நான்கு பாடம் படித்துவிட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகன்