சிம் வாங்கும் முன் சிக்னல் தெரிய வேண்டும்

ஐயா,

செல்போன் நிறுவனங்கள் தங்கள் சேவை எங்கெல்லாம் கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' அமைப்பின் விதிமுறை குறித்த செய்தியைப் படித்தேன். வரவேற்கிறேன். ஆனால், மலையும் ரப்பர் தோட்டமும் நிறைந்த குமரி மாவட்டத்தின் வடக்குப் பகுதிக்கு வரைபடம் மட்டும் போதாது. பேச்சிப்பாறை அருகே எங்கள் ஊரில் சிக்னல் குறையேதும் இல்லை என்றே வரைபடம் காட்டுகிறது. வீட்டு முற்றத்தில் நின்றால் பேசலாம். கான்கிரீட் கூரைக்குக் கீழே வந்ததும் அழைப்பு துண்டித்துப்போகிறது. விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளியைப் பாம்பு கடித்தால், 108-ஐ அழைக்கவே மேட்டுக்கு ஓட வேண்டும். இது வெறும் வசதிக் குறைவு அல்ல, உயிர்ப் பிரச்சினை.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம் என்றாலும், புதிய இணைப்பு பெற்று 90 நாள்கள் கழித்தே அதற்கு வழியுண்டு. எனவே, நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் நடத்தும் சிக்னல் சோதனையை கோதையாறு, கீரிப்பாறை போன்ற மலையோர ஊர்களிலும், வீடுகளுக்கு உள்ளேயும் டிராய் நடத்த வேண்டும். நிறுவனவாரியான முடிவுகளை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம்.

- வாசகர், பேச்சிப்பாறை, கன்னியாகுமரி மாவட்டம்