நாலு எட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சென்னையில் வேலை அதிகமாக இருக்கும், அதுதான் போன் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தோட்டத்து விஷயமாகச் சித்தப்பா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அப்பத்தாவை முந்தாநாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்று காலை வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யாரும் தாங்காமல், முற்றத்தில் நாலு எட்டு வைத்தாள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தொடை எலும்பு இடுப்பில் சேருகிற கழுத்து முறிந்திருந்தது. அந்த எலும்பின் நுனியில் இருக்கிற உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் ஆபரேஷன். மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். எனக்குப் பதறியது. "படுக்கப் போட்டால்தான் ஆபத்து ஐயா. நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும்" என்றார் டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும்.

இரண்டாம் நாள் ராத்திரி பயந்துவிட்டேன். என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, "மழை வருதுண்ணே, மாட்டைப் பிடிச்சு உள்ள கட்டு" என்கிறாள். கையில் ஏறுகிற ட்ரிப்ஸைப் பிடுங்கப் பார்க்கிறாள். வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு, பழகிய முகம் பக்கத்தில் இருக்கட்டும், கண்ணாடியைப் போட்டுவிடுங்கள் என்றார்கள். விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெளிந்ததும் முதலில் கேட்டது உன்னைத்தான். "பேத்தி பேசுனாளா?" பேசினாள் ஆத்தா என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா, அன்றைக்கு நீ போனில் சொன்னாய். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது எலும்பு முறிவுதான், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்று. படித்த திமிரில் பேசாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கட்டுக் கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனது நான்தான். முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. அப்படியே ஐந்து நாள். ஒருக்களித்துப் படுக்க முடியாமல் கத்திக்கொண்டு கிடந்தாள். ஒன்னுக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறாள். செம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விழுந்து எத்தனை நாள் என்று கேட்டார்கள். இரண்டு நாளுக்குள் செய்திருக்க வேண்டிய ஆபரேஷனாம். எனக்கு வாய் வரவில்லை, அம்மாதான் பதில் சொன்னாள். இடுப்புக்குக் கீழே ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. இன்னும் ஆறவில்லை. தினமும் நான்தான் மருந்து போடுகிறேன், வேறு யாரையும் விடுவதில்லை.

பணம் அனுப்பாதே, காப்பீட்டு அட்டை இருந்தது. பால் குடி, கொஞ்சம் வெயிலில் நில். அப்பத்தாவுக்கு எலும்பு அவ்வளவு தேய்ந்திருந்ததால்தான் வாசற்படியில் தடுக்கியதற்கே முறிந்துவிட்டது. அம்மாவுக்கும் எலும்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

இனி அவள் குத்தவைத்து உட்காரக் கூடாதாம். கொல்லையில் வெஸ்டர்ன் வைக்கக் கொத்தனார் வந்திருக்கிறார். ராத்திரி எழுந்தால் வெளிச்சம் வேண்டும் என்று நடையில் ஒரு விளக்கும் போட்டாயிற்று.

ராத்திரி பாண்டியன் ரயிலில் ஏறினால் விடியும்போது மதுரை. வா என்று சொல்லவில்லை, உனக்கு லீவு கிடைக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் அவள் தலைமாட்டில்தான் இருக்கும். நான் எடுக்க மாட்டேன், அவளே எடுப்பாள்.

அப்பா