பெயர் சொல்லாமல் போன மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி

எங்கள் பழைய லாரியின் சார்ஜ் கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போன அண்ணனுக்கு இந்த நன்றி.

என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் புதியது, பேட்டரிகளும் புதியவை. ஆனாலும் வண்டி ஓட ஓடச் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் இன்னொரு ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் சொன்னார்கள். இவர் எதையும் கழற்றவில்லை. என்ஜினை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளைப் போடச் சொல்லி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். ஆல்டர்னேட்டரில் 28 வோல்ட். பேட்டரியில் 25-ஐத் தாண்டவில்லை. அடுத்து ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

“கரண்ட் திரும்பி வரும் வழி சரியில்லை” என்றார்.

அந்த வழி, என்ஜினையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டைதான். வெளிப்பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு; கம்பி இழைகள் விரலில் உதிர்ந்தன. என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுற்றியதற்கும் அதுவே காரணமாம். இதையெல்லாம் கிளீனர் பையனுக்கும் புரியும்படி பொறுமையாக விளக்கினாரே, அதுதான் பெரிய மனது.

அண்ணா, பட்டையை மாற்றிவிட்டோம். எல்லா விளக்குகளும் எரியும்போதும் இப்போது பேட்டரியில் 28 வோல்ட் நிற்கிறது. எங்கிருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.