ஏ.சி. கரன்ட் பில்லும் மொட்டை மாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்தால் ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள், ஐந்து ஸ்டார் பார்த்து வாங்குங்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எல்லாம் சரியான யோசனைகள்தான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மின்சாரச் சிக்கனத்துக்கான மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பும் சொல்கிறது. ஆனால் மேல்மாடியில் குடியிருப்பவர்களால் 24-இல் வைத்துத் தூங்க முடியவில்லையே, அது ஏன் என்று யாரும் எழுதக் காணோம். மதுரையில் நெடுங்காலமாகக் கட்டட மேஸ்திரியாக இருப்பவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். பொழுது சாய்ந்து, வீட்டில் இருப்பவர்கள் படுக்கைக்கு வரும்போதுதான் சீலிங் அனல் கக்கும். அறைக் காற்று குளிர்ந்திருந்தாலும் மேலிருந்து வரும் வெக்கை உடம்பில் படுகிறது. அதனால்தான் 20, 18 என்று இறக்குகிறார்கள். கம்ப்ரஸர் விடிய விடிய ஓடுகிறது.

பில் எகிறுவதும் இதனால்தான். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கில் 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு. அதோடு, 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உள்ள மலிவு விலையும் போய்விடும். 500-ஐ ஒட்டி நிற்கும் குடும்பத்துக்குச் சீலிங் சூடு கொஞ்சம் தணிந்தாலே பெரிய உதவி.

நான் தொழில் பழகிய காலத்தில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, தட்டோடு எனும் சுட்ட மண் ஓட்டைப் பதிப்போம். வெயில் தளத்தைத் தொடுவதற்குள் பாதி வலு இழந்துவிடும். இப்போது பல இடங்களில் வெறும் சிமென்ட் கலவையைப் பூசி, நூல் பிடித்துக் கோடு கிழித்து, தட்டோடு போலக் காட்டிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்தன்று மாடியேறிப் பார்த்துத் திருப்தியோடு இறங்கி வருகிறார். சித்திரையில்தான் அவருக்கு விஷயம் தெரியும். வீடு கட்டுபவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஹால் டைல்ஸ் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை மாடித் தளத்துக்குக் கொடுங்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி உண்டு. பங்குனியிலேயே மாடியைத் தேய்த்துக் கழுவி, பாசி எடுத்து, விரிசல்களை அடைத்துவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டி, பசை சேர்த்து இரண்டு கோட்டிங் அடிக்கலாம். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், தூசி படிந்தால் பலன் குறையும்; எனவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போடலாம், சொரசொரப்பான ரகமாகப் பார்த்து. வழுவழுப்பாக இருந்தால் மழையில் வழுக்கி விழுவார்கள். ஏ.சி.யின் வெளி யூனிட் மாடியில் இருந்தால், காற்றோட்டத்தை அடைக்காமல் அதற்கு ஒரு நிழல் கொடுங்கள். இவ்வளவும் செய்தபின் 26-இல் வைத்து ஃபேனைப் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல். மொட்டை மாடி பொதுச் சொத்து, சூடு மட்டும் மேல்தள வீட்டுக்காரருக்கு. சுண்ணாம்பு அடிக்கச் சங்கத்தில் கேட்டால், "உங்க வீட்டுக்குத்தானே, நீங்களே பாத்துக்கோங்க" என்கிறார்கள். ஒழுகினால் மட்டும் எல்லோரும் பங்கு போடுவார்கள். வெயிலில் வெடித்த விரிசலில்தான் மழை இறங்குகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆகவே இதைத் தனி மனிதர் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. கூரையில் வெயில் ஏறாமல் தடுக்கும் குளிர்கூரைக் கொள்கையைத் தெலங்கானா அரசு 2023-இலேயே கொண்டுவந்துவிட்டது. நம் மாநிலத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, முடியாது என்றவர்கள் வீட்டிலும் தொட்டி எடுத்தோம். கட்டட அனுமதி கொடுக்கும்போதே மாடித் தளத்துக்கு என்ன போடப் போகிறார்கள் என்று மாநகராட்சிகள் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும் தொகுப்பு வீடுகளிலும் அரசே முதலில் இதைச் செய்யட்டும். அங்கே பலருக்கு ஏ.சி.யே கிடையாது, ஆனால் தலைக்கு மேல் இருப்பது அதே கான்கிரீட்தான். வருகிற கோடைக்குள் சுண்ணாம்பாவது அடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி ஒருவர்,
திருநகர், மதுரை.