சேவலோடு வளர்த்துப் பார், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை முடித்துக்கொண்டு பள்ளத்தூர் வீட்டைத் திறந்து குடிவரப் போகிறாய் என்ற வரியை உன் தங்கச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பின்கட்டைத் தாண்டி அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, நாலு கோழி வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அடுத்த வரியிலேயே "முட்டைக்குப் பெட்டை போதுமே, சேவல் எதற்கு, சத்தம்தானே மிச்சம்" என்று எழுதிவிட்டாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும், அது உண்மை. அதைச் சாப்பிடவும் செய்யலாம். ஆனால் சேவல் இல்லாத பெட்டைகள் தோட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் போகும், எது எங்கே மேய்கிறது, எதை நாய் துரத்துகிறது என்று நீதான் பின்னால் அலைய வேண்டும். ஒரு நல்ல சேவலை உள்ளே விட்டுப் பார், கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடும். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கணக்கு. இரண்டு பெட்டை கொத்திக்கொண்டால் நடுவில் போய் நின்று விலக்கிவிடும், சாயங்காலம் எல்லாவற்றையும் கூட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் கடைசியாக உள்ளே போகும்.

எங்கள் செங்கீரிச் சேவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கூட்டைத் திறந்து குருணையை வீசினால் அது உடனே தின்னாது. ஒரு மணியை அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், தலையை ஆட்டி ஆட்டி "கொக் கொக் கொக்" என்று கூப்பிடும். பெட்டைகள் ஓடி வந்து அதன் அலகுக்குக் கீழேயே கொத்தும், அது நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல புழு கிடைத்தாலும் அப்படித்தான், தான் விழுங்காமல் கூப்பிட்டுக் கொடுக்கும். இதைப் பார்ப்பதற்காகவே காப்பி டம்ளரோடு வெளித் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறேன், மாப்ளே. பேப்பர் வந்து கிடக்கும், எடுக்கத் தோன்றாது.

ஆபத்து வந்தால் அது போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். வல்லூறு மேலே வட்டமிட்டால் ஒரே நீளமாக, மெல்லிசாக ஒரு குரல் கொடுக்கும், அத்தனை கோழியும் குஞ்சுகளோடு மாட்டுக்கொட்டகைக்கு அடியில் போய் ஒடுங்கிவிடும். கீரியோ நாயோ தரையில் வந்தால் வேறு சத்தம், விட்டு விட்டு உரக்கக் கத்தும், அதற்குக் கோழிகள் ஒளியாமல் கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்க்கும். வானத்து ஆபத்துக்கு ஒரு குரல், தரை ஆபத்துக்கு ஒரு குரல் என்பதை ஆராய்ச்சிக்காரர்களும் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் நாய்கூட அந்த இரண்டாவது சத்தத்துக்குத்தான் எழுந்து ஓடும், முதல் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்காது.

சரி, கூவுகிற விஷயத்துக்கு வருகிறேன். சூரியனைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் மாறாத மங்கல் வெளிச்சத்தில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் அவை தம் நேரத்துக்குக் கூவின. உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம்தான் காரணம் என்று 2013-ல் எழுதினார்கள். 2015-ல் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: பல சேவல் சேர்ந்து இருந்தால் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அவற்றின் தரத்துக்கு ஏற்ற வரிசையில் பின்னால் கூவும். எங்கள் வீட்டில் இது அப்படியே நடக்கிறது. விடலைச் சேவல் ஒன்று இருக்கிறது, குரல் இன்னும் உடையவில்லை, பெரியது கூவி முடிக்கும் வரை கிளையில் காத்துக்கொண்டு நின்று அப்புறம்தான் தொடங்கும். உன் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சத்தம் யாருக்கு இடைஞ்சல்? பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு சேவல் கூவட்டும், மாப்ளே. தெருவில் ஆள் இருக்கிறது என்று அதுதான் சொல்லும்.

எந்த இனம் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். சிறுவிடை என்கிற நம் நாட்டுக்கோழியை வாங்கு. வனராஜா, கிரிராஜா என்று சொல்லிக்கொண்டு குஞ்சு விற்க வருவார்கள். அவை முறையே ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் உருவாக்கப்பட்டவை, சீக்கிரம் எடை போடும், முட்டையும் கூடுதலாகக் கொடுக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடைக்கு ஒழுங்காக உட்காராது. சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து இடுகிற ஒரு தடவைக்கு, பன்னிரண்டு, பதினைந்து முட்டைதான் இடும், இட்டு முடித்ததும் உடம்பைப் பரப்பிக்கொண்டு, கையைக் கொண்டுபோனால் சிலிர்த்துக் கொத்த வரும். அப்போது அடை வைத்தால் நீ செய்வதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மூங்கில் கூடையில் மணல் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்து, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வரமிளகாயும் வைப்பேன். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்று ஆத்தா வைப்பார்கள், அந்தக் கை வழக்கத்தை விட எனக்கு மனசு வரவில்லை. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கருக்கூடியதில் சிவப்பு நரம்பு வலை மாதிரி ஓடும், கருக்கூடாதது வெறும் வெளிச்சமாகத் தெரியும், அதை எடுத்துவிடலாம், விட்டுவைத்தால் கூமுட்டையாகி நாறும். இருபதாம் நாள் வாக்கில் முட்டையைக் காதோரம் வைத்துக் கேள். உள்ளே குஞ்சு மெதுவாகக் கீச்சிடும், தாய் அடித்தொண்டையில் பதில் கொடுக்கும். ஓடு உடையும் முன்பே இரண்டும் பேசிக்கொள்கின்றன! இருபத்தொன்றாம் நாள் பொரித்துவிடும். இதில் எதுவும் சேவல் இல்லாமல் உன் வீட்டில் நடக்காது.

தீனிக்குக் கவலையே வேண்டாம். புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்தில் இருக்கும்போது குருணைக்கும் தவிட்டுக்கும் பஞ்சமா? குஞ்சுகளுக்கு மட்டும் கரையான் பிடித்துக் கொடு. நம் செம்மண் அதற்காகவே படைத்தது போல. பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிடு. காலையில் பானையைத் தூக்கினால் உள்ளே வெள்ளையாக மொய்த்திருக்கும். வெயில் ஏறுமுன் குஞ்சுகள் முன்னால் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையான் மண்ணுக்குள் போய்விடும். அந்த நேரத்தில் தாயும் குஞ்சும் அடிக்கிற கும்மாளத்தைப் பார்த்தால் உனக்குப் பசி மறந்துவிடும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதே: வெள்ளைக் கழிச்சல் என்கிற கோழி நோய். வந்தால் ஒரு வாரத்தில் தெருக் கோழியெல்லாம் காலியாகும். சீரகம், மிளகு, கீழாநெல்லி, சின்ன வெங்காயம் எல்லாம் அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். நானும் கொடுக்கிறேன், கோழி அதைத் தின்று தெம்பாகவும் இருக்கிறது. ஆனால் அந்த நோயைத் தடுப்பது தடுப்பூசி ஒன்றுதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகங்களில் பிப்ரவரி முதல் இரண்டு வாரம் இதற்கென்றே முகாம் நடத்துவார்கள். விடியற்காலையில் கூட்டைத் திறக்கும் முன்பே பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடு, திறந்து விட்டபிறகு பிடிப்பது பெரும்பாடு.

கோழி மட்டும் போதாது என்று கொஞ்ச நாளில் உனக்கே தோன்றும். எனக்கு அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. வெள்ளாடு இரண்டு வாங்கினேன். சீமைக்கருவேலங்காயை அவை பொறுக்கித் தின்பதைப் பார், கண்மாய்க் கரையில் அந்த மரத்துக்கு ஒரு பயனாவது இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும். ஐந்து மாதத்தில் குட்டி, பெரும்பாலும் இரட்டை. குட்டிகள் திண்ணைக்குத் தாவுவதும் இறங்குவதுமாக இருக்கும்போது வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்துவிட்ட மாதிரி உன் தங்கச்சி சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாள், விரட்டவும் மாட்டாள். அப்புறம் புலிக்குளம் பசு ஒன்று. பால் ஒரு வீட்டுக் காப்பிக்குத்தான் தேறும், ஆனால் அதன் சாணியைக் கோழிகள் கிளறிப் புழு பொறுக்குவதால் கொட்டகையில் ஈத் தொல்லை குறைந்திருக்கிறது, அது படுத்திருக்கும்போது சேவல் முதுகில் ஏறி உண்ணி கொத்தினால் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருக்கும். சிராவயல் மஞ்சுவிரட்டில் அந்த இனத்துக் காளைகளின் பாய்ச்சலைப் பார்த்த நமக்கு, வீட்டில் அதே வகைப் பசு இப்படிச் சாதுவாகப் படுத்திருப்பது ஆச்சரியமாக இருக்கும்.

வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இருபத்தெட்டு நாள் ஆகும், கோழி கூடுதலாக ஒரு வாரம் பொறுமையாக உட்கார்ந்துதான் பொரித்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துத் தொட்டிப் பக்கம் போனதும் அவை நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. தாய் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக் கத்தியது. சேவலும் என்னவோ ஏதோ என்று வந்து தொட்டிச் சுவரில் ஏறி நின்றது. கொஞ்ச நாளில் தாய்க்குப் பழகிவிட்டது, அவை நீந்தி முடிக்கும் வரை பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு காத்திருக்கும். நீ வாத்து வளர்த்தால் ஊருணிப் பக்கம் மட்டும் விட்டுவிடாதே, குடிதண்ணீர் ஊருணியில் நம் ஊர்க்காரர்கள் காலைக்கூட நனைக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

கின்னிக்கோழி வேண்டுமா என்று யோசித்து முடிவு செய். காவலுக்கு அதைப் போல வராது, பாம்பு கண்ணில் பட்டால் ஊரைக் கூட்டிவிடும். ஆனால் அதன் சத்தத்துக்குப் பக்கத்தில் சேவல் கூவுவது சங்கீதம்.

இன்னொரு விஷயம். ஒரு பொரிப்பில் பாதி சேவலாகத்தான் வரும், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்தால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும். சிலதை விற்கிறேன், சிலது குழம்புக்கு, ஒன்று குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்து விட்டது. குழம்புக்குப் போவதைப் பற்றி உன்னிடம் மழுப்ப விரும்பவில்லை. மண்ணில் மேய்ந்து, வெயில் காய்ந்து, பெட்டைகளோடு திரிந்து வளர்ந்த சேவல் அது, கொட்டகையில் அடைத்து நாற்பது நாளில் ஊதிப் பெருக்கிய கறிக்கோழிக்குக் கிடைக்காத வாழ்க்கை அதற்குக் கிடைத்திருக்கிறது. அந்த மரியாதையோடுதான் அடுப்பில் ஏற்றுகிறோம். ஆனால் சண்டைக்குக் கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஒருவர் வந்து செங்கீரியின் காலையும் நெஞ்சையும் பிடித்துப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காத விலை சொன்னார். கத்தி கட்டி விடுவதற்குத்தான் என்பது தெரிந்தது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் சேவல்களைச் சண்டைக்கு விடுவதைக் குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். புழுவைக் கண்டால் பெட்டையைக் கூப்பிட்டுக் கொடுக்கிற ஜீவனின் காலில் பிளேடைக் கட்டுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஆக, உன் வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்றால், கிணற்றடிப் பக்கத்துச் சுவர் சரிந்து கிடக்கிறது, அதை முதலில் எடுத்துக் கட்ட வேண்டும், கீரியும் காட்டுப்பூனையும் அந்த வழியாகத்தான் வரும். பின்கட்டுக் கதவுக்குக் கீழே ஒரு பலகை அடித்துவிடு, இல்லாவிட்டால் வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையெல்லாம் எச்சமாகிவிடும், உன் வீட்டில் என்னைத்தான் திட்டுவார்கள். ராத்திரி அடைக்கத் தரையை விட்டு உயர்த்திய ஒரு மரக்கூடு போதும், பகலில் குஞ்சைக் கவிழ்க்கப் பஞ்சாரம் இங்கேயே வாங்கித் தருகிறேன், சென்னையில் தேடாதே. தை பிறக்கும் முன் வந்துவிடப் பார். தை, மாசியில் அடை வைத்தால் பங்குனி, சித்திரை வெயில் கொளுத்துவதற்குள் குஞ்சுகள் தேறிவிடும். நம் கருப்புப் பெட்டையின் பொரிப்பில் நாலு வெடைகளும் (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகள்), அவற்றோடு சொந்தம் இல்லாத வேறு வழியில் வந்த ஒரு சேவலும் உனக்கென்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒரே தாய் வயிற்றுச் சேவலை விடக்கூடாது, வம்சம் மெலிந்துவிடும்.

வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுது. கொத்தனாரைக் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டி, எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே